சீகன்பால்கு ஐயர் சொல் தேடிய வரலாறு

இரு மொழி அறிந்தார்க்கு இரு செல்வம் உண்டென்பர். ஆயின், வேண்டிய வேளையில் வேண்டிய சொல் நாவில் வந்து நில்லாதாயின், அச்செல்வம் பூட்டிய பெட்டியுட் கிடக்கும் பொன்னையே ஒக்கும். சென்ற ஆண்டு ஒரு சிற்றூர்ச் சபையில், ஆங்கிலத்திற் பேசவந்த பெரியார் ஒருவர்க்கு மொழிபெயர்த்து உரைக்கும் பணி அடியேற்கு வாய்த்தது. உழவரே பெரிதும் நிறைந்திருந்த அவ்வவையில், அவர் எருதுகளின் கழுத்தில் வைக்கும் நுகத்தைக் குறித்துப் பேசினார். அவர் சொல்லிய ஆங்கிலச் சொல்லின் பொருள் எனக்கு ஐயமின்றி விளங்கிற்று. அப்பொருளின் உருவமும் கண்முன் தோன்றிற்று. தமிழ்ச்சொல் மாத்திரம் வரவில்லை. பழம்பாடல்கள் பலவற்றை நெட்டுருச் செய்த நாவு அங்கே வாளா நின்றது. முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நுகத்தடி என்னும் சொல்லை எனக்கு மட்டும் கேட்குமாறு மெல்ல எடுத்துக்கொடுத்தார். பேச்சு தொடர்ந்தது, என் நாணம் தொடர்ந்து நின்றது.

தாய்மொழிச் சொல்லே தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுக்குத் தக்க நேரத்தில் எட்டாது போயிற்றெனின், தமிழை ஒரு சிறிதும் அறியாது கடல்கடந்து வந்து, சில ஆண்டுகளில் அம்மொழியிலேயே பேசவும் எழுதவும் நூல் பெயர்க்கவும் வல்லரான ஒருவர் தம் சொற்களை எவ்வாறு தேடிக்கொண்டார் என்று எண்ணத் தொடங்கினேன். அவ்வெண்ணமே பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரின் வரலாற்றை நாடச்செய்தது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் பயணமும்

ஜெர்மனி தேயத்துச் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னித்ஸ் என்னும் சிற்றூர் ஒன்றுளது. அவ்வூரில் 1682-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் சீகன்பால்கு பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். பெற்றோர் இருவரையும் இளமையிலேயே இழந்த அவர், நலிந்த உடலோடும் நிறைந்த பக்தியோடும் வளர்ந்தார். கேர்லித்சு நகரிலும் பெர்லினிலும் பயின்றபின், ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கே என்பாரிடம் கல்வி கற்றார். நோய் அவர் படிப்பைப் பலமுறை தடைசெய்தது.

அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் ஆட்சியில் இருந்தது. 1620-ஆம் ஆண்டு முதல் 1845-ஆம் ஆண்டு வரை அஃது அவர்கள் கைவசமிருந்தது என்க. அவ்வூர் மக்கட்கு அருளுரை கூற ஆள் அனுப்ப விழைந்தார் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு. அவ்வழைப்பை ஏற்றுச் சீகன்பால்கு ஐயரும் அவர் தோழர் புளூட்சோ ஐயரும் 1705-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் கப்பலேறி, 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்தனர். அப்பொழுது சீகன்பால்கு ஐயர்க்கு வயது இருபத்து மூன்று.

மணலில் எழுதிய எழுத்து

தரங்கம்பாடியில் ஐரோப்பியரும் நம்மவரும் ஒருவரோடொருவர் வாணிகம் பேசியது பெரும்பாலும் போர்த்துக்கீசிய மொழியில். ஆதலின் அம்மொழியையும் தமிழையும் இருவரும் பகுத்துக்கொண்டனர். புளூட்சோ ஐயர் போர்த்துக்கீசியத்தை மேற்கொண்டார். சீகன்பால்கு ஐயர் தமிழை மேற்கொண்டார்.

அந்நாளில் ஐரோப்பியர் தமிழ் பயிலுதற்கேற்ற அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ அவர் கையில் இல்லை. ஆகவே அவர் முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் பிள்ளைகளோடு தம்முடைய வீட்டிற்கே வந்து பள்ளி நடத்துமாறு வேண்டினார். அப்பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் அகரம் முதலாக எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, வாசிப்பும் வந்தது. ஆயினும் ஒரு குறை நின்றது. உபாத்தியாயர்க்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. ஐயர்க்குத் தமிழ் தெரியாது. வாயால் வாசித்தவற்றின் பொருள் மனத்துக்கு எட்டவில்லை. வீட்டின் பெயரை அறிந்தும் வழி அறியாதவனைப் போன்ற நிலை அது.

அந்நிலையில் அவர்க்குத் துணையாக வந்தவர் அழகப்பர் என்னும் தமிழர். டேனியக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக முன்னர் உழைத்த அவர், தமிழோடு போர்த்துக்கீசியமும் டேனியமும் ஜெர்மனும் டச்சும் அறிந்தவர். ஐயர் சுட்டிய தமிழ்ச்சொல்லை அழகப்பர் பிறமொழிச் சொல்லால் விளக்குவார். ஐயர் அதனைத் தம் தாய்மொழிக்குக் கொண்டுசென்று பொருள் தெளிவார். ஒரு சொல்லை அறியப் பல படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஐயர்க்குத் துணைநின்றமையால் அழகப்பர் பின்னர்த் துன்பங்கள் பல உற்றார் என்பதும் ஈண்டு மறவாது கூறற்பாலது.

இக்கால உளநூலார் இந்நிலையை நன்கு ஆராய்ந்துள்ளனர். வளர்ந்தபின் புதுமொழி கற்பவன் மனத்தில், புதுச்சொல் முதலிற் பெரிதும் தாய்மொழிச் சொல்லையே பற்றிக்கொண்டு நிற்கும் என்றும், பயிற்சி முதிர முதிர அச்சொல்லுக்கும் பொருளுக்கும் நேரான தொடர்பு வலுப்பெறும் என்றும் அவருட் சிலர் கூறுவர். 1994-ஆம் ஆண்டு அறிஞர் இருவர் இக்கொள்கையை வகுத்தளித்தனர். பின்வந்தார் அதனைச் சிலவிடத்துத் திருத்தியும் மறுத்தும் உளர். இரு மொழி அறிந்தான் ஒரு மொழியிற் பேசுங்கால் மற்றை மொழி முற்றும் உறங்கிவிடுவதில்லை என்பதும் அவர் கண்ட உண்மை. இரண்டும் விழித்தே இருக்கின்றன. வேண்டாததை விலக்கி வேண்டியதை எடுத்தலே பேசுவோன் செய்யும் வேலை. சிற்றூர்ச் சபையில் யான் தடுமாறியதும் இதனாற் போலும். ஆங்கிலச்சொல் காதில் நின்று ஒலிக்க, தமிழ்ச்சொல் அதன் பின்னே மறைந்து நின்றது.

நாள்முறை

சீகன்பால்கு ஐயர் இப்பெயர்களையும் கொள்கைகளையும் அறிந்தவரல்லர். எனினும், படிகளைக் குறைத்துச் சொல்லும் பொருளும் நேரே கைகோக்குமாறு செய்தற்கு அவர் வகுத்துக்கொண்ட நாள்முறை வியக்கத்தக்கது. அதனை அவரே தம் நாட்டார்க்கு எழுதிய கடிதத்தில் விரித்துள்ளார்.

காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, முன்னாட்களிற் கற்று எழுதிவைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, தாம் முன்னர்ப் படித்திராத தமிழ்ச்சுவடிகளை வாசிப்பார். அப்பொழுது முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புலவர் பொருள் விளக்குவார். எழுத்தர் புதிய சொற்களை அப்பொழுதே எழுதிக்கொள்வார். உணவு கொள்ளும்போதும் ஒருவர் வாசிக்க அவர் கேட்பார். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மீண்டும் படிப்பார். இரவு ஏழு மணிக்குமேல், கண்களுக்கு இளைப்பாறுதல் தரும்பொருட்டுப் பிறரை வாசிக்கச்செய்து செவியாற் கற்பார். எந்நூலின் நடையைத் தாம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றக்கூடுமோ அந்நூலையே விரும்பிப் பன்முறை பயில்வார்.

இந்நாள்முறையில் நாம் நோக்கவேண்டியது காலைவேளையின் முதல் ஒரு மணி. சொல்லைப் பார்த்து வாசிப்பது எளிது. பாராது நினைவிலிருந்து வெளிக்கொணர்வது அரிது. அடிக்கடி வெளிக்கொணரப்பட்ட சொல்லே அடுத்தமுறை விரைந்து வரும். கிணற்றில் நீர் எவ்வளவு இருந்தாலும், தாம்புக்கயிறு தேய்ந்த தடத்திலேயே வாளி எளிதில் இறங்கும். ஐயர் நாள்தோறும் அத்தடத்தைத் தேய்த்தார். எட்டுத் திங்களுக்குள் தமிழிற் பேசத்தொடங்கினார் என்ப.

இரு அகராதிகள்

1708-ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச்சுவடிகளை அவர் திரட்டி, அவற்றின் பெயரையும் பொருளையும் குறித்து ஒரு நூற்பட்டியல் எழுதினார். படித்த நூல்களினின்றும் சொற்களைத் தொகுத்து உரைநடைச் சொல்லகராதி ஒன்றை வளர்த்தார். அதில் தமிழ்ச்சொல்லும், அதன் ஒலியை உரோம எழுத்தாற் குறித்த வடிவும், ஜெர்மன் பொருளும் நிரலே நின்றன. முதலில் இருபதினாயிரமாயிருந்த சொற்கள் சில ஆண்டுகளில் நாற்பதினாயிரம் ஆயின. செய்யுட்சொற்கட்கு வேறோர் அகராதி தொகுத்தார்.

உரைநடைக்கு ஒன்றும் செய்யுட்கு ஒன்றுமாக அவர் பிரித்தமை கருதத்தக்கது. தமிழர்க்குத் தமிழே இரு மொழிபோல் நிற்பதை அயலாராகிய அவர் விரைவிற் கண்டுகொண்டார். புலவர் அவையிற் செல்லும் சொல் சந்தைத்தெருவில் செல்லாது. தெருவின் சொல் செய்யுளிற் பொருந்தாது. எளியோர்க்குப் பேசவேண்டிய அவர், எளியோர் வழங்கும் சொற்களையே முதலில் கைவரச் செய்துகொண்டார். தமிழ்ச் சிறப்புப்பாடம் பயிலும் நம்மனோர் இவ்விடத்தில் சிறிது நின்று எண்ணுதல் நலம்.

இறங்கு துறையும் ஏறு துறையும்

மொழிபெயர்ப்பில் ஐயர் சென்ற முறையும் அறியத்தக்கது. முதற்கண் அவர் தமிழிலிருந்து தம் தாய்மொழிக்கே பெயர்த்தார். 1708-ஆம் ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்று நீதிநூல்களையும் ஜெர்மன் மொழியாக்கினார். அயல்மொழியிலிருந்து தாய்மொழிக்கு வருதல் ஆற்றொழுக்கோடு இறங்குவது போன்றது. தாய்மொழியிலிருந்து அயல்மொழிக்குச் செல்லுதல் ஒழுக்கை எதிர்த்து ஏறுவது போன்றது. கற்றுத் தேறாதார்க்குப் பின்னதிற் காலம் மிகுதியாகச் செல்லும் என்பதை மேற்கூறிய உளநூலார் தம் சோதனைகளில் அளந்து கண்டனர்.

எளிய துறையில் இறங்கிப் பழகிய ஐயர், அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் அரிய துறையில் ஏறத் துணிந்தார். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கத் தொடங்கினார். தொடங்கிய சிறிது காலத்தில் இடையூறு நேர்ந்தது. டேனியத் தளபதிக்கும் அவர்க்கும் இருந்த மாறுபாட்டால், நவம்பரில் அவர் கோட்டையுள் சிறைவைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் அவர் அங்கே இருந்தார். புலவரும் எழுத்தரும் சூழ இருந்து சொல் திரட்டிய நாள்முறை அறுந்தது. 1709-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தவுடன் விட்ட வேலையை மீண்டும் தொட்டு, 1711-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் அதன் முற்பகுதி 1714-ஆம் ஆண்டிலும் எஞ்சியது 1715-ஆம் ஆண்டிலும் அச்சாயின.

சொல் தேடுதல் நினைவை மாத்திரம் பொறுத்ததன்று. பொருத்தம் காண்பதும் அதன் பாற்பட்டது. கடவுளைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். தமிழில் அதற்குச் சொற்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமயச்சார்பும் ஒரு வரலாறும் உண்டு. அவருக்குமுன் கத்தோலிக்கக் குருமார் எழுதிய தமிழ்ச்சுவடிகள் அவர் கைக்கு எட்டியிருந்தன. அவற்றில் வழங்கிய சருவேசுரன் என்னும் சொல்லை அவர் மேற்கொண்டார். பின்வந்த பாப்பிரிக்கியு ஐயர் பராபரன் என்றார். 1871-ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. அதற்கும் பின்வந்த மொழிபெயர்ப்புகள் கடவுள் என்றன. ஒரு பொருளுக்குரிய சொல்லை ஒருவர் எடுத்தளித்ததோடு தேடல் முடியவில்லை. அஃது இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்தது.

ஐயருடைய தமிழ்நடை குற்றமற்றதன்று. அவர் காலத்தவராகிய வீரமாமுனிவர் அந்நடையைக் கடுமையாக இகழ்ந்தெழுதினார். பின்னோர் அதனைத் திருத்தவேண்டிய தேவையை உணர்ந்தனர். 1772-இல் வெளிவந்த பாப்பிரிக்கியு ஐயரின் புதிய ஏற்பாடு அத்தேவையின் பயனே. எதிரொழுக்கில் ஏறியவரின் கால்கள் ஆங்காங்கே வழுக்கின என்பதை மறைத்தல் உண்மைக்கு ஏற்றதன்று. ஆயினும், வழுக்குமென்று அஞ்சிக் கரையிலேயே நின்றிருப்பின், பின்னோர்க்குத் திருத்துவதற்கும் ஒன்று இருந்திராது.

கடல்மேல் ஒரு தமிழ்த்துணை

1714-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐயர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அக்காலக் கடற்பயணம் பல திங்கள் நீளும். தம்முடன் பேதுரு மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை அழைத்துச்சென்றார். கப்பலில் அவரோடு தமிழிற் பேசியும், பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தும் வந்தார். பேசாத மொழி அழிந்துபோவதில்லை. ஆனால் அதன் சொற்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். தமிழ் ஒலியே கேளாத கடலில் தமிழை விழித்திருக்கச் செய்தற்கு ஒரு தமிழ் நாவு போதுமாயிருந்தது.

அப்பயணத்திலேயே இலத்தீன் மொழியில் ஒரு தமிழிலக்கணமும் எழுதினார். அது 1716-ஆம் ஆண்டு ஹாலே நகரில் அச்சாயிற்று. பேச்சுவழக்கில் நின்ற தமிழையே அந்நூல் பெரிதும் விளக்கியது. மரியா தொரொத்தேயா சால்த்சுமான் அம்மையாரை மணந்து, அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தரங்கம்பாடிக்கு மீண்டார்.

இறுதிக்காலம்

மீண்டபின் அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டுவித்தார். அது 1718-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பெற்றது. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தைச் சார்ந்த தரங்கம்பாடியில் அதனை நாம் இன்றும் காணலாம். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் சரிதை வரை வந்து நின்றது. இளமை முதல் விடாது தொடர்ந்த நோய் முற்றிற்று. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறு வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். உயிர் பிரியும் வேளையில் தம் பிறந்தநாட்டு ஞானப்பாட்டு ஒன்றைப் பாடுமாறு அருகிருந்தோரை வேண்டிக்கொண்டார் என்பர். பதின்மூன்று ஆண்டுகள் தமிழை நாடி உழைத்த நெஞ்சின் அடித்தளத்தில் தாயின் மொழியும் விழித்தே இருந்தது. ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை.

அவர் உடல் அவ்வாலயத்துள்ளே அடக்கம் செய்யப்பட்டது. விட்டுச்சென்ற மொழிபெயர்ப்பைப் பின்வந்தோர் முடித்தனர். அவர் அரிதின் தொகுத்த அகராதிகளோ அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

நாம் கொள்ளவேண்டுவது

இவ்வரலாற்றை நோக்குங்கால், ஐயர் தனியே அமர்ந்து பெற்ற சொல் மிகச் சிலவே என்பது புலனாகும். மணலில் எழுதிய சிறுவர், பொருள் விரித்த புலவர், விரைந்து குறித்த எழுத்தர், வாசித்துக் காட்டியவர், துன்பமேற்ற அழகப்பர், கடல்கடந்து உடன்போந்த மலையப்பர் என்னும் இவர்கள் அனைவரும் அவர் நாவில் சொல்லை வைத்தவர்கள். சொல் ஒருவன் மனத்தில் இருப்பினும், அதனை வெளியே அழைக்கும் குரல் பெரும்பாலும் பிறருடையது.

நாமோ கல்லூரியிற் பல பாடங்களை ஆங்கிலத்திற் கேட்டு, ஆங்கிலத்தில் விடை எழுதுகின்றோம். தமிழ்ப்பாட வேளையில் செய்யுட்சொற்களைப் பயில்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடையே, நம் பாட்டனாரும் பாட்டியாரும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அழைப்பாரின்றி நிற்கின்றன. அவை நம்மிடம் இல்லாமற் போகவில்லை. நாம் அழையாமையால் வர மறந்தன. இங்ஙனமே இன்னும் இரு தலைமுறை கழியின், அழைத்தாலும் வாரா.

கோடை விடுமுறையில் யான் என் பாட்டனார் அருகில் ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்தேன். மேழி, கொழு, ஏர்க்கால், பூட்டாங்கயிறு என ஒவ்வொன்றாக அவர் சொல்ல எழுதிக்கொண்டேன். மறுநாட் காலையில் ஏட்டை மூடிவைத்து, நினைவிலிருந்தே அவற்றை அவருக்குத் திரும்பச் சொன்னேன். முதனாள் பாதிச்சொற்களே வந்தன. ஒரு கிழமை கழிந்தபின் தடையின்றி வந்தன. பாட்டனார் சிரித்துக்கொண்டே, நுகத்தடி என்பதை அப்பட்டியலின் தலையில் எழுதச்சொன்னார். சிற்றூர்ச் சபையில் நடந்ததை யாரோ அவருக்கு முன்பே சொல்லியிருந்தனர் போலும்.

மணலில் விரல்வைத்து அகரம் எழுதிய அவ்வயல்நாட்டார்க்குத் தமிழர் கடப்பாடு உடையர். அக்கடனைத் தீர்த்தற்கு, நம் வீட்டுத் திண்ணையிலேயே நமக்கும் ஒரு பள்ளி காத்திருக்கின்றது.